எட்டு மணி வேட்டு

மூன்று சாசேஜுக்காகத்தான் நான் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டேன். நாய்கள்மேல் இரக்கப்பட்டுப் போட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பொய். என்னைப் போலவே இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய பிலிப்பா வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு என்று அழைப்பு வந்தது. யாரோ இங்கிலாந்திலிருந்து பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்த சாசேஜ். இந்தத் தீவில் கிடைப்பதில் கொத்தமல்லி விதையும் பூண்டும் போட்டு அரைத்திருப்பார்கள். பத்தொன்பது வருடமாகத் தின்று நாக்கு செத்துவிட்டது. போனேன். தின்றேன். தட்டை எடுத்த கையோடு பிலிப்பா காகிதத்தை வைத்தாள். போட்டேன்.

முந்தின நாள் பக்கத்து ஊர்த் திருவிழாவின் வேட்டுச் சத்தத்தில் கை உதறி, சுடச்சுட டீயை மடியில் கொட்டிக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சலும் கொஞ்சம் இருந்தது. அதற்காக என் மேல் குற்றம் குறைவு என்று சொல்லவில்லை.

மனுவில் இருந்தது இதுதான். ஆகஸ்ட்டில் வரும் நம் ஊர் புனித ரொக்கு திருவிழாவில் காலை எட்டு மணிக்கு விடும் அதிர்வேட்டை நிறுத்தவேண்டும். நாய்கள் நடுங்குகின்றன, முதியவர்களின் இதயம் தாங்காது. முதியவர் என்று என்னை வைத்துத்தான் எழுதியிருந்தார்கள். என் இதயத்தைப் பற்றி அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களை எனக்கு நன்றாகத் தெரியும், நானும் அவர்களில் ஒருவன் என்பதால். வெயிலுக்காக மால்டாவை ஒட்டிய இந்தக் கோசோ தீவுக்கு வருகிறார்கள். வந்த இரண்டாம் மாதம் வெயிலைத் திட்டுகிறார்கள். அமைதியான கிராமம் வேண்டும் என்று பழைய கல்வீட்டை வாங்குகிறார்கள். பிறகு சேவல் கூடாது, கோயில் மணி கூடாது, டிராக்டர் கூடாது, ஆட்டு நாற்றம் கூடாது. ஊரே கூடாது, ஊரின் படம் மட்டும் இருந்தால் போதும். குழாய்க்காரன் சொன்ன நாளில் வரவில்லை என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். அவன் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும்: இவர்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான்.

நான் இங்கிலாந்தின் கிரிம்ஸ்பியில் முப்பத்தாறு வருடம் சாக்கடைக் குழாய் பதித்தவன். பள்ளிக்கூடத்தைவிடப் பள்ளத்தில் இருந்ததுதான் அதிகம். என் மனைவி டோரீன்தான் மால்டா, கோசோ என்று படம் பார்த்து ஆசைப்பட்டவள். மூன்றாவது குளிர்காலத்தில் சுவரெல்லாம் பூஞ்சை, சர்க்கரை டப்பாவில் எறும்பு, படுக்கை விரிப்பில் ஈரம். மார்ச் மாதம் கப்பலேறிப் போய்விட்டாள். எறும்பு இருக்கிறது; நானும் இருக்கிறேன்.

ஏன் இருக்கிறேன் என்று கேட்டால், அக்டோபர் மாதக் கடல். அத்தனை டூரிஸ்டும் ஒழிந்த பிறகு, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். இடுப்பு வலி எனக்கு அங்கே மட்டும்தான் மறக்கும். பிறகு சென்சா.

சென்சா நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி. கீழே அவள், மேலே இரண்டு அறையில் நான். பதினொரு வருடமாக இருக்கிறேன். வாடகை ஒப்பந்தம் என்று கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எழுதிக்கொள்ளலாமா என்று முதல் வாரம் கேட்டேன். எதற்கு, நீரு ஓடிப்போகப் போறீரா என்று கேட்டாள். அத்தோடு சரி. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மூடிய தட்டு மாடிப்படியில் இருக்கும், முயல் குழம்பு. திங்கட்கிழமை நான் தட்டைக் கழுவி வைப்பேன். அதற்குமேல் எங்களுக்குள் பேச்சு அதிகம் இல்லை. அவள் போ என்றால் நான் போகவேண்டியதுதான். போக இடம் இல்லாமல் இல்லை. என் தங்கை கிரிம்ஸ்பியிலிருந்து ஒரு முதியோர் விடுதியின் படத்தை ஏற்கெனவே அனுப்பியிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்தும் இடம். படத்திலேயே மழை.

இந்தச் சென்சாவின் ஒரே மகன் நேனுதான் எங்கள் ஊரில் வேட்டுக் கட்டுகிறவன். பகலில் வயரிங் வேலை. மாலையும் சனி ஞாயிறும் வயலுக்கு அப்பால் இருக்கும் வேட்டுக் கொட்டகையில். சம்பளம் ஒன்றும் கிடையாது. புனித ரொக்குவுக்காகச் செய்வது. இடது கையில் இரண்டு விரல் இல்லை. அவனுடைய மாமா அதே கொட்டகையில்தான் செத்தார். வருடம் முழுக்க, நேரம் கெட்ட நேரத்தில் எங்கேயாவது ஒரு டமார் கேட்டால் சென்சா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். போன் வரும்வரை அசையமாட்டாள். திருவிழா அன்று காலை எட்டு மணிக்கு மட்டும் மொட்டைமாடிக்கு வந்து, ஒவ்வொரு வேட்டாக வாய்விட்டு எண்ணுவாள். கட்டியது அத்தனையும் வானத்தில் வெடித்துவிட்டது, மகன் தரையில் இருக்கிறான் என்று அவளுக்குக் கணக்கு.

இது எல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். சாசேஜ் நன்றாக இருந்தது.

மனு அதிகாரிகளுக்குப் போகும், அவர்கள் ஒரு அலமாரியில் வைப்பார்கள், அது அங்கேயே மக்கும் என்று நினைத்தேன். இந்தத் தீவில் காகிதத்துக்கு விதி அதுதான். ஆனால் பிலிப்பாவை நான் குறைத்து எடைபோட்டேன். அவள் இங்கிலாந்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்தவள். எதையும் முறையாகச் செய்வாள். மளிகைக் கடையில் என்னைப் பிடித்து, மனுவின் நகலை அடுத்த வாரம் ஊர் பேண்ட் கிளப்பின் செயலாளரிடம் தானே கொண்டுபோய்க் கொடுக்கப்போவதாகச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன்.

"அவங்க முதுகுக்குப் பின்னால செய்யக் கூடாது, மிஸ்டர் டிராண்டர். அது நியாயமில்ல. முறைப்படி முன்கூட்டியே சொல்லிடணும்."

எங்கள் ஆட்கள் இப்படித்தான். கத்தியால் குத்துவது தப்பில்லை, குத்துவதற்கு முன்னால் தபால் போடவில்லை என்றால்தான் தப்பு. திருவிழா நடத்துவதே பேண்ட் கிளப்புதான். வேட்டுக்காரர்கள் சாயங்காலம் உட்காருவதே அங்கேதான். நகல் அந்த மேசைக்கு வந்தால் முதலில் படிப்பவன் செயலாளர் விஸ்டின், இரண்டாவது நேனு, மூன்றாவது சென்சா.

அன்று மாலையே பிலிப்பா வீட்டுக்குப் போய் என் பெயரை எடுக்கச் சொன்னேன். அவள் முடியாது என்றாள். கொள்கை என்றால் நின்று காட்டவேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தாள். பிஸ்கட் என்று பெயர் வைத்த அவள் நாய் என் செருப்பை மோந்துகொண்டிருந்தது. அது நடுங்கி நான் பார்த்ததே இல்லை. நடுங்குகிற அளவுக்கு அதற்குச் சுறுசுறுப்புக் கிடையாது.

வாசல்வரை வழியனுப்ப வந்தவர் அவள் புருஷன் ஹியூ. பல் டாக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மெதுவாக என் காதில், வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது, மூன்று வாரமாக ஆள் வருகிறேன் வருகிறேன் என்கிறான், விருந்தாளிகள் வேறு வருகிறார்கள் என்றார். கடைசியாகக் கையெழுத்துப் போட்டவன் நான்தானாம்; முப்பது பேரோடு முந்தைய தாள் நிறைந்துவிட்டது, என் பெயர் மட்டும் புதுத் தாளில் தனியாக இருக்கிறதாம். ஒரு தாள் காணாமல் போனால் பிலிப்பாவுக்கு என்ன தெரியப்போகிறது என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார். பல் பிடுங்குகிறவன் பேரமும் பேசத் தெரிந்தவன்தான்.

ஜூலை மாத வெயிலில், எழுபத்தாறு வயதில், அந்தத் தொட்டியின் மூடியைத் திறந்தேன். உள்ளே என்ன இருந்தது என்று எழுதப்போவதில்லை. கொள்கை உள்ளவர்களுடையதும் அதே நாற்றம்தான். இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் ஹியூ அந்தத் தாளை நாலாக மடித்து என் கையில் வைத்தார். கிழித்துப் போட்டிருக்கலாம். நான் எந்தக் காகிதத்தையும் எறிகிறவன் இல்லை; எறிந்த காகிதம்தான் பிறகு ஆளைப் பிடிக்கும். பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவைத்தேன்.

பிலிப்பா சொன்னபடி நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். விஸ்டின் எழுந்து நின்று வாங்கினானாம். கைகுலுக்கினானாம். குடிக்க எலுமிச்சைச் சாறு கொடுத்தானாம். எங்க புனிதர் சிலைக்குப் பக்கத்திலேயும் ஒரு நாய் நிக்குது மேடம், இருநூறு வருஷமா ஒண்ணும் சொல்லல என்று மட்டும் சொன்னானாம். அவள் அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டாள். எவ்வளவு நாகரிகமானவர்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தத் தீவில் ஒருவன் எதிர்த்துப் பேசினால் பயப்பட வேண்டியதில்லை. எலுமிச்சைச் சாறு கொடுத்தால்தான் பயப்படவேண்டும்.

திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் விழாப் புத்தகம் வீடுவீடாக வந்தது. வருடாவருடம் வருவதுதான்: பூசை நேரம், பேண்ட் ஊர்வலம், உபயதாரர் பட்டியல். இந்த வருடம் நடுப்பக்கத்தில் பூ வேலைப்பாடு போட்டு, பெரிய எழுத்தில்: இந்த ஆண்டு காலை எட்டு மணி வேட்டு நம் ஊரில் வாழும் வெளிநாட்டு அன்பர்கள் உபயம். கீழே முப்பது பெயர். மனுவில் இருந்த அதே வரிசை. முதல் பெயர் பிலிப்பா.

விஸ்டினும் நேனுவும் மனுவைப் பற்றி வெளியே மூச்சுவிடவில்லை; இரண்டு நாளில் ஊரே தலைகீழாகிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போன பெண்கள் பிலிப்பாவை நடுத்தெருவில் நிறுத்தி இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்கள். வீட்டு வாசலில் பாதாம் மிட்டாயும், பாலாடைக்கட்டியும், கள்ளிப்பழமும் குவிந்தன. பங்குச் சாமியார் பிரசங்கத்தில் நன்றி சொன்னார். அத்தனை வாரமாக வராத ஆள் தானாக வந்து தொட்டியைப் பார்க்கிறேன் என்று நின்றான். பத்து வருடமாக இங்கே இருந்து இதில் ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைத்ததில்லை. இல்லை, அது உபயம் இல்லை, உங்கள் வேட்டை நிறுத்தத்தான் எழுதினோம் என்று ஒரு வாயாவது திறக்கவேண்டுமே. திறக்கவில்லை. முப்பது பேரும் வாயை மூடிக்கொண்டு மிட்டாய் தின்றார்கள். மனுவை அதிகாரியிடமிருந்து திரும்ப வாங்க பிலிப்பாவே படகேறி மால்டாவுக்குப் போய்வந்தாள். கொள்கைக்கு ஆயுள் அவ்வளவுதான்.

நான் சிரித்தேன். இரண்டு நாள் சிரித்தேன். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மாடிப்படியில் தட்டு இல்லை.

கீழே இறங்கிப் போனேன். சென்சா அடுப்படி மேசையில் விழாப் புத்தகத்தை விரித்துவைத்திருந்தாள். ஒவ்வொரு பெயரிலும் விரலை வைத்து இறங்கி, கடைசிப் பெயருக்குக் கீழே விரலை நிறுத்தினாள்.

"உம்ம பேரு இல்லையே, வில்ஃபு."

இல்லை என்றேன்.

"முப்பது பேரு. நேத்து வந்தவன் பேருகூட இருக்கு. கடைத்தெருவுல கேக்காங்க, உன் வீட்டு இங்கிலீஷ்காரருக்கு மட்டும் கை வரலையான்னு. என் மவன் கட்டுற வேட்டு. என் வீட்டு மாடியில இருக்கீரு."

நான் என்ன சொல்வது. கையெழுத்துப் போட்டேன் என்றால் துரோகி. போடவில்லை என்றால் கஞ்சன். அவள் கத்தவில்லை. தன் தங்கை மகள் செப்டம்பரில் கல்யாணமாகி வருகிறாள், அவளுக்கு மேல் அறை தேவைப்படலாம் என்று பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மேலே வந்து உட்கார்ந்தேன். சாக்கடை மூடியைத் திறந்து, நாற்றத்தில் இரண்டு நாள் முக்கி, நானே என் கையால் எடுத்த பெயர். எடுக்காமல் விட்டிருந்தால் இன்றைக்கு நானும் அன்பர். பயந்தவன் மட்டும்தான் மாட்டிக்கொண்டான். தங்கை அனுப்பிய படத்தை எடுத்து ஒருமுறை பார்த்தேன். அதே கார் நிறுத்தும் இடம். அதே மழை.

பிஸ்கட் டப்பாவைத் திறந்து தாளை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனேன். மதிய நேரம், விஸ்டின் தனியாக இருப்பான், புத்தகத்தோடு ஒரு திருத்தச் சீட்டு அச்சடித்துத் தரச் சொல்லலாம் என்பது என் கணக்கு. விஸ்டின் இருந்தான். பக்கத்தில் நேனுவும் இருந்தான், ரொட்டி தின்றுகொண்டு.

"வாரும் வில்ஃபு," என்றான் விஸ்டின். "ஊரெல்லாம் உம்ம பேச்சுத்தான்."

திரும்பிப் போயிருக்கலாம். இடுப்பு வலிக்கு அந்தப் படிக்கட்டை இரண்டாம் முறை ஏறமுடியாது. தாளைக் கவுண்டரில் வைத்தேன். நானும் போட்டவன்தான், என் பெயரையும் சேர் என்றேன். விஸ்டின் தாளைப் பிரித்துப் படித்தான். தலைப்பு, மனு வாசகம், கீழே ஒற்றைக் கையெழுத்து. சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நேனுவின் பக்கம் தள்ளினான். நேனு மூன்று விரல் கையால் தாளைப் பிடித்து நிதானமாகப் படித்தான்.

"அப்ப இதை எதுக்கு எடுத்தீரு?"

"பயந்து."

"எதுக்குப் போட்டீரு?"

"சாசேஜ் குடுத்தாங்க."

விஸ்டினால் அதற்குமேல் முடியவில்லை. கவுண்டருக்குக் கீழே குனிந்துகொண்டான். நேனு சிரிக்கவில்லை. ரொட்டியை முழுதாகத் தின்று முடித்தான். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"அந்த முப்பது பேருக்கும் எங்களப் பத்தி ஒண்ணும் தெரியாது. தெரியாம போட்டாங்க. நீரு எங்கம்மா சோத்தத் தின்னுட்டுப் போட்டீரு." எழுந்தான். "நான் சொல்லமாட்டேன். நீரே போய் அம்மாகிட்ட சொல்லும்."

பேர் சேர்க்கிற பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை.

சென்சா கொல்லையில் முயல் கூண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். முதலில் போட்டது, பிறகு எடுத்தது, தொட்டியைச் சுத்தம் செய்தது, எல்லாம். நாய்கள், முதியோர் இதயம் என்று ஒன்றையும் சேர்க்கவில்லை. அவள் முயலுக்குத் தழை போட்டுக்கொண்டே கேட்டாள். கடைசித் தழையையும் உள்ளே தள்ளினாள்.

"எத்தன சாசேஜு?"

"மூணு."

"மூணு," என்று அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். கூண்டை மூடினாள். உள்ளே போய்விட்டாள்.

திருவிழா வரை அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டும் வரவில்லை. நான் துணிமணியைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினேன். பத்தொன்பது வருடத்துக்கு ஒரு பெட்டியே நிறையவில்லை.

திருவிழா அன்று எட்டு மணிக்கு முன்னால் மொட்டைமாடிக்கு ஏறினேன். சென்சா ஏற்கெனவே அங்கே கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றாள். என்னைப் பார்த்தும் நகரவில்லை. எங்கள் மாடியிலிருந்து கிளப்பின் பால்கனி நேராகத் தெரியும். விஸ்டின் பிலிப்பாவை அங்கே ஏற்றி, கழுத்தில் சிவப்புப் பட்டுத் துண்டு போட்டு நிறுத்தியிருந்தான். பக்கத்தில் ஹியூ, காலையிலேயே கையில் கிளாஸ். பிஸ்கட்டின் கழுத்திலும் ஒரு சிவப்பு ரிப்பன்.

மணி அடித்தது. முதல் வேட்டு வானத்தில் வெடித்தது. தரையே ஒரு விரல் உயர்ந்து இறங்கியது போல இருந்தது. சென்சா ஒன்று என்றாள். கீழே கூட்டம் பிலிப்பாவின் பெயரைச் சொல்லிக் கைதட்டியது. அவள் இரண்டு காதையும் பொத்த நினைத்துப் பாதியில் கையை இறக்கிக் கும்பலுக்கு ஆட்டினாள். பெயருக்கு ஒரு வேட்டு. ஒவ்வொரு வேட்டுக்கும் கூட்டத்தில் எங்காவது ஒரு இங்கிலீஷ்காரன் நெளிந்து சிரித்தான். பிஸ்கட் மூன்றாவது வேட்டிலேயே படுத்துத் தூங்கிவிட்டது.

இருபத்தொன்பது. முப்பது. புகை கடல் பக்கமாக நகர்ந்தது. சென்சா மூச்சை விட்டாள். மகன் தரையில் இருக்கிறான்.

நான் படிக்குத் திரும்பியபோது வயலுக்கு அப்பாலிருந்து இன்னொன்று கிளம்பியது. சீறிக்கொண்டு நேராக ஏறியது. மற்ற எல்லாவற்றையும்விட உயரமாகவே ஏறியது. ஒரு வெள்ளைக் கோடு. நான் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். வெடிக்கவில்லை. உச்சியில் கொஞ்சம் புகையைத் துப்பிவிட்டு, அப்படியே வயலில் விழுந்தது. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. நேனு கட்டிய வேட்டு ஒன்றுகூட நமுத்துப்போனதாக இந்த ஊரில் பேச்சே கிடையாது.

சென்சா அது விழுந்த இடத்தை விரலால் காட்டினாள்.

"முப்பத்தொண்ணு. அது நீரு."

வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவமானமாகத்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு படியில் இறங்கினவள், பாதியில் நின்று திரும்பினாள்.

"தங்கச்சி மவ அவ மாமியா வீட்டுலயே இருக்கப் போறாளாம். மழைக்கு முந்தி உம்ம ரூம்புக் கூரை ஒழுகுறதப் பாரும். சாக்கடைக்காரருதானே, அதுவாவது ஒழுங்கா வருதான்னு பாப்போம்."

மதியம் படியில் தட்டு இருந்தது. மூடியைத் திறந்தேன். முயல் இல்லை. கொத்தமல்லி விதையும் பூண்டும் போட்ட உள்ளூர் சாசேஜ், மூன்று.

தின்றேன்.